ஷாஃப்ட் என்று கேட்ட காது

யசோவுக்கும், அவளோடு நம் கோலார் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்கால ரயில் ஏறப்போகிற மற்ற நாலு பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். யசோ என் மகள் என்பதால் அவளுக்கு ஒரு சொல் கூடுதல், உங்களுக்கு ஒரு சொல் குறைவு என்று கிடையாது. அந்த ஆபீஸுக்குள் நுழைந்துவிட்டால் ஐந்து பேருமே எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள்தான்.

திங்கட்கிழமை முதல் நீங்கள் பெங்களூரில் ஒரு ஐந்தாவது மாடியில் உட்கார்ந்து, கனடாவில் இருப்பவர்களோடு அவர்கள் வீட்டுச் சூட்டைப் பற்றிப் பேசப்போகிறீர்கள். அங்கே அநேகமாக ஒவ்வொரு வீட்டுக்கு அடியிலும் ஒரு ஃபர்னஸ் இருக்கும். நம் ஊரில் ஃபர்னஸ் என்றால் தங்கம் உருக்குவது. அவர்களுக்கு அது வீட்டைச் சூடாக வைத்திருக்கிற இரும்புப் பெட்டி. குளிர்காலத்தில் அது நின்றுபோனால் முதலில் குழாயில் தண்ணீர் உறையும், பிறகு ஆள். அதனால் நின்றவுடன் போன் போடுவார்கள். நமக்குப் பகல் பத்து மணி என்றால் அவர்களுக்கு முந்தின ராத்திரி. எடுப்பது நீங்கள்.

கம்ப்யூட்டரில் எதைத் தட்டுவது, எந்தக் கட்டத்தில் டிக் போடுவது, இதெல்லாம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். நான் பத்தாவது படித்தவன். பதினேழு வருஷம் சுரங்கத்துக்குள் வேலை செய்து, சுரங்கம் மூடிய பிறகு அந்த ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டியாக நின்றவன். ஒரு குளிர்காலத்தில் ஆள் போதாமல், “அந்த கே.ஜி.எஃப். செக்யூரிட்டி நல்லா இங்கிலீஷ் பேசறாரே” என்று என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பதினாலு வருஷம் கழித்துத்தான் எழுந்தேன். எனக்கே அந்த மெஷின் பழகியது. உங்களுக்குப் பழகாதா என்ன. அதை விட்டுவிடுகிறேன். எதிர்முனையில் இருப்பவர் சொல்லாமல் விடுவது எப்படிக் காதில் விழும் என்பதை மட்டும் சொல்கிறேன். அதை அவர்கள் சொல்லித் தர மாட்டார்கள்.

இப்போது கனடா என்றால் உங்களுக்குத் தெரிந்தது செய்தியில் வருகிற கனடா. விசா கெடுபிடி, டொரன்டோவில் வீட்டு வாடகை, படிக்கப் போய் மாட்டிக்கொண்ட பஞ்சாபிப் பிள்ளைகள். போனில் வருவது வேறு கனடா. அங்கே வயதானவர்கள் ரெண்டு பேர் ஒரு பெரிய வீட்டில் இருப்பார்கள். பிள்ளைகள் ஆயிரம் மைல் தள்ளி இருக்கும். ஆஸ்பத்திரி இருக்கும், ஆனால் நர்ஸ் இல்லாமல் அதன் அவசரப் பிரிவு சில ராத்திரிகளில் பூட்டியிருக்கும். ரோடு பனியில் மூடியிருக்கும். இத்தனைக்கும் நடுவில் போன் போட்டு, “உங்களைத் தொந்தரவு செய்கிறேன், ஸாரி” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள்.

அந்த ஸாரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் சுரங்க லைன் வீடுகளில் ஸாரி என்றால் அடிதடி முடிந்தது என்று அர்த்தம். யாராவது யாரையாவது தள்ளிவிட்டு, பெரியவர்கள் வந்து பிடித்து நிறுத்தி, கடைசியில் முறைத்துக்கொண்டே சொல்வது. கனடாக்காரர் தும்மினால் ஸாரி, நீங்கள் தும்மினாலும் அவர்தான் ஸாரி. வேலைக்கு உட்கார்ந்த முதல் வாரம் ஒரு அம்மா என்னிடம், “ஸாரி?” என்றார். பரவாயில்லைங்க மேடம் என்றேன். மறுபடியும், “ஸாரி?” என்றார். அதெல்லாம் ஒன்றுமில்லை, விடுங்கள் என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவையும் மன்னித்தேன். பக்கத்து நாற்காலிப் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் சொன்னது காதில் விழவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். நான் அவரை மன்னித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அதன் பிறகு ஸாரியைக் கவனிக்க ஆரம்பித்தேன். கேள்வி ஸாரி, நன்றி ஸாரி, ‘உனக்கு இது தெரியவில்லையே, பாவம்’ ஸாரி, போனை வைக்கிற ஸாரி. அவர்கள் பேச்சுக்கு அது மூச்சு மாதிரி. இதைத் தெரிந்து வைத்திருந்தது ஒரு நாள் உதவியது. அதே நாளில் நம் ஊர்க் காது எனக்குப் பெரிய குழியும் தோண்டியது. அந்த நாளைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால், ஜனவரி மாதம். மனிடோபா என்கிற மாநிலத்தில் பனிப்புயல். நான் நாற்காலியில் உட்காரும்போதே சுவரில் இருக்கிற போர்டு சிவப்பாகிவிட்டது. சிவப்பு என்றால் போன் போட்டவர்கள் வரிசையில் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்களுக்கு டீம் லீடர் மஞ்சுளா. பூதிகோட்டைப் பெண், வயது இருபத்தாறு. என் வயதில் பாதி, எனக்கு மேலதிகாரி. காலை ரயிலில் பங்காரப்பேட்டையில் ஏறி என்னோடுதான் வருவாள். ரயிலில் நான் அவளை மஞ்சு என்பேன், அவள் டப்பாவிலிருந்து முறுக்கு எடுத்துத் தின்பேன். மாடி ஏறினால் மேடம்.

“அங்கிள், இன்னிக்கு கதை கேக்க டைம் இல்ல. ஸ்வல்ப சீக்கிரம் சீக்கிரம் முடிச்சி விடுங்க” என்று கன்னடம் கலந்து சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். என்னைப் பற்றி அப்படி ஒரு பேர். அதில் உண்மையும் உண்டு.

நாலாவதோ ஐந்தாவதோ போன் கால். எதிர்முனையில் ஒரு பெரியவர். பேர் வால்டர். எழுபத்தெட்டு வயது, பழைய விவசாயி. ஊருக்கு வெளியே தனி வீடு. வீட்டில் அவரும் அவர் மனைவி ரூத்தும். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நான் கேட்டபடி தமிழில் எழுதுகிறேன்.

“ஸாரி, இந்த நேரத்துல தொந்தரவு பண்றேன். எங்களைவிடக் கஷ்டத்துல நிறைய பேர் இருப்பாங்க. எங்க ஃபர்னஸ் நின்னுடுச்சு. அவசரம் இல்ல. லைன்ல பேரு மட்டும் போட்டு வைங்க.”

ஸ்க்ரீனில் இருக்கிற கேள்விகளைக் கேட்டேன். கேஸ் வாடை அடிக்கிறதா? இல்லை. விஷவாயு அலாரம் அடிக்கிறதா? இல்லை. வீட்டில் கைக்குழந்தை உண்டா? ஸாரி, அந்த வயது தாண்டிவிட்டது என்று சிரித்தார். வேறு ஏதாவது வழியில் வீட்டில் சூடு இருக்கிறதா?

“இருக்கு, இருக்கு. ஷேக் ஹீட்டர் போட்டு வச்சிருக்கேன். ஸாரி, அதை முதல்லயே சொல்லியிருக்கணும்.”

ஷேக் என்று அவர் சொன்னார். என் காதில் ஷாஃப்ட் என்று விழுந்தது.

பிள்ளைகளே, நம் ஊர்க் காதுக்கு வேறெப்படி விழும்? அப்பா சுரங்கத்து ஷாஃப்டில் இறங்கினார், மாமா ஷாஃப்டில் இறங்கினார், நானும் இறங்கினேன். அம்மா என்கிற சொல்லுக்கு அடுத்தபடி நமக்குத் தெரிந்த சொல் அது. மெஷினிலும் ஷாஃப்ட் உண்டு, மோட்டாரிலும் உண்டு. ஃபர்னஸோடு சேர்ந்தே வருகிற ஏதோ ஒரு ஷாஃப்ட் ஹீட்டர் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். புரியாததைப் புரிந்தது மாதிரி எடுத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் அரை நிமிஷம். மாற்றுச் சூடு உண்டு என்கிற கட்டத்தில் டிக் போட்டேன். அந்த டிக் விழுந்ததும் கம்ப்யூட்டர் அவரைச் சாதாரண வரிசையில் தள்ளி, மறுநாள் மத்தியானம் மெக்கானிக் வருவார் என்று காட்டியது.

சொன்னேன். ரொம்ப சந்தோஷம் என்றார். விலாசம் சரிபார்க்கச் சொன்னேன். அங்கேதான் ஒன்று இடித்தது.

“எத்தனை தடவை சொல்றது? எழுதிக்கிட்டீங்கல்ல” என்றார்.

நான் ஒரு தடவைதான் கேட்டிருந்தேன். அந்தப் பேச்சில் ஸாரி இல்லை. போன் நம்பர் கேட்டேன். சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்தினார். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்தான். பிறகு மீதி நம்பரைச் சொன்னார், தப்பாக. திருத்தினார், அதுவும் தப்பு. அதிலும் ஸாரி இல்லை. முதல் நிமிஷத்தில் பத்து ஸாரி சொன்ன மனுஷன் இப்போது வாய் குழறுகிறார், சலித்துக்கொள்கிறார், ஒரு ஸாரியும் காணோம்.

இதை நான் பார்த்திருக்கிறேன். கனடாவில் இல்லை, நம் சுரங்கத்துக்குள். வெடி வைத்த பிறகு புகை முழுதாகப் போவதற்கு முன்னால் அவசரப்பட்டு உள்ளே போனவன் முதலில் தலை வலிக்கிறது என்பான். அப்புறம் காரணமே இல்லாமல் எரிந்து விழுவான். அப்புறம் ஓரமாக உட்காருவான். உட்கார்ந்தவன் தானாக எழுந்திருக்க மாட்டான். அந்தப் புகைக்கு வாடை போய்விட்டிருக்கும், நிறமும் இருக்காது. ஆளின் குணம் மாறுவதை வைத்துத்தான் பக்கத்தில் இருப்பவன் கண்டுபிடிக்க வேண்டும்.

“சார், உங்களுக்குத் தலை வலிக்குதா?”

“ஆமா. ரெண்டு பேருக்குமே. ரூத் தலைவலின்னு சாப்பிடாமக்கூடப் போய்ப் படுத்துட்டா.”

“அந்த ஷாஃப்ட் ஹீட்டர் எங்க இருக்கு சார்?”

“ஷாஃப்ட்டா? எந்த ஷாஃப்ட்? மீன் பிடிக்கிற ஷேக்ல இருக்கிறது. கிச்சன் நடுவுல வச்சிருக்கேன்.”

மீன் என்றதும்தான் புரிந்தது. அந்த ஊரில் குளிர்காலத்தில் ஏரி உறைந்து கல்லாகிவிடும். அதன் மேல் ஒரு ஆள் உட்காருகிற மாதிரி மரக்குடிசை ஒன்றை இழுத்துக்கொண்டு போய் வைப்பார்கள். அதற்கு ஷேக் என்று பேர். கீழே உறைந்த பனியில் துளை போட்டு, தூண்டிலைத் தொங்கவிட்டு, கால் மாட்டில் சிலிண்டர் வைத்த சின்ன கேஸ் ஹீட்டரைப் பற்ற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குடிசையில் ஆயிரம் இடுக்கு, காற்று வந்து போகும். அந்த ஹீட்டரைத்தான் தூக்கி வந்து கிச்சனில் எரித்துக்கொண்டிருக்கிறார். குளிர் வராமல் கதவு, ஜன்னல் எல்லாம் இறுக்கமாக மூடிய வீடு. அலாரம் ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்ததாம், பேட்டரியைக் கழற்றி மேசை மேல் வைத்திருக்கிறாராம்.

அதற்குள் மஞ்சுளா என் பின்னால் வந்து நின்றாள். “அங்கிள், ஒன்பது நிமிஷம் ஆயிடுச்சி. இன்னா பண்றீங்க?” என்று காதோரம் கேட்டாள்.

போனை மியூட்டில் போட எனக்கு மனசு வரவில்லை. அவர் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பேப்பரை இழுத்து, பெரிதாக, ‘வீட்டுக்குள் விஷப்புகை. ரெண்டு பேர். ஆம்புலன்ஸ்’ என்று எழுதி அவள் முகத்துக்கு நேராகக் காட்டினேன்.

அவள் பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தமிழ்ல எழுதினா நான் எப்படிப் படிப்பேன் அங்கிள்?”

அவசரத்தில் கை தாய்மொழிக்குப் போய்விட்டது. மஞ்சுளா தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்து கன்னடம்தான் தெரியும். அடித்துவிட்டு இங்கிலீஷில் ‘கேஸ்’ என்று மூன்று எழுத்து எழுதினேன். அவள் முகம் மாறியது. இங்கிருந்து நாம் கனடா ஆம்புலன்ஸைக் கூப்பிட முடியாது. கம்பெனியின் கனடா ஆபீஸுக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் கூப்பிட வேண்டும். என் ஸ்க்ரீனிலிருந்து விலாசத்தைப் படம் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நான் வால்டரிடம் நேராகச் சொன்னேன். “சார், அந்த ஹீட்டரை அணைங்க. கதவைத் திறங்க. ரூத்தைக் கூட்டிக்கிட்டு வாசப்பக்கம் வாங்க.”

“வெளியே மைனஸ் முப்பத்திநாலு, தெரியுமா? கதவைத் திறக்கணுமா? நான் அறுபது வருஷமா ஹீட்டர் பத்த வைக்கிறேன். நீங்க இந்தியாவுல உட்கார்ந்துகிட்டு எனக்குச் சொல்றீங்க.”

“தலைவலிக்குக் காரணம் அதுதான் சார். சீக்கிரம் ரூத்தை எழுப்புங்க.”

“இப்பதான் தூங்கினா. அவளை எழுப்ப மாட்டேன்.” நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி உங்களை ஒன்று கேட்க வேண்டும். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கத்தலாம். நான் கத்தினால் அவர் போனை வைத்துவிடுவார். லைன் போனால் என் கையில் எதுவும் இல்லை. ஆம்புலன்ஸ் எப்போது வரும், எந்த ஊரிலிருந்து வரும், ரோடு திறந்திருக்கிறதா, ஒன்றும் தெரியாது. உள்ளே இருந்தால் புகை, வெளியே வந்தால் குளிர். ஆனால் குளிருக்குக் கோட்டு உண்டு, புகைக்கு ஒன்றும் கிடையாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரை எழுப்பி நடக்க வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

அவருக்காக அவர் எழுந்திருக்க மாட்டார். அது தெரிந்துவிட்டது. ‘எங்களைவிடக் கஷ்டத்தில் நிறைய பேர் இருப்பார்கள்’ என்று பேச்சை ஆரம்பித்தவர் அவர். அப்படிப்பட்டவர் யாருக்காக எழுந்திருப்பார்? கஷ்டத்தில் இருக்கிற இன்னொருத்தனுக்காக.

“ஸாரி சார்” என்றேன். இந்தத் தடவை நான். “ஒரு தப்பு பண்ணிட்டேன். என் தப்புதான். இந்த ஃபாரத்துல உங்க மனைவி பேரும் இருக்கு. அவங்க வாயால ஒரு ‘எஸ்’ வாங்காம நான் டிக் போட்டுட்டேன். பேச்செல்லாம் ரெக்கார்ட் ஆகுது. அந்த ஒரு வார்த்தை இல்லைன்னா என் மேடம் இன்னிக்கே என்னை வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. எனக்கு ஒரு பொண்ணு படிச்சிக்கினு இருக்குது சார்.”

பொண்ணு படித்துக்கொண்டிருந்தது உண்மை. மீதி எல்லாம் பொய். போன் பேசிவிட்டுத் திரும்பி வந்த மஞ்சுளா, “நான் எப்ப அப்படிச் சொன்னேன்?” என்று வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

எதிர்முனையில் நீளமாக ஒரு மூச்சு.

“அவ்வளவு மோசமானவங்களா உங்க மேடம்?”

“ரொம்ப மோசம் சார்.”

“சரி. இருங்க” என்றார். நாற்காலி தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. நடக்கிற சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்று புரிந்தது. போனைக் கையிலேயே வைத்திருந்தார். கதவு திறந்தது. “ரூத். ஏய் ரூத். ஒரு ஆளு பாவம் போன்ல இருக்காரு. எஸ்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தூங்கு.”

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அசைக்கிறார் போலிருக்கிறது, கட்டில் ஆடுகிற சத்தம். ஏதோ முனகல். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவர் குரலே வேறு. பிறகு போனுக்கு வந்தார்.

“என்ன பண்ணணும், சொல்லுங்க.”

சொன்னேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. ஹீட்டரை அணையுங்கள். வந்து சொல்லுங்கள். முன்கதவைத் திறந்துவிடுங்கள். பின்கதவைத் திறந்துவிடுங்கள். வந்து சொல்லுங்கள். இப்போது உங்கள் கோட்டு. இப்போது அவர்கள் மேல் போர்வை, கோட்டு, கிடைத்ததெல்லாம். தூக்க வேண்டாம், போர்வையோடு சேர்த்து இழுங்கள். வாசல் பக்கம் பூட்ஸ் கழற்றுகிற சின்ன அறை இருக்குமே, அங்கே. தலை கதவுப் பக்கம் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும், “ஆச்சு” என்றார். நடுவில் ஒரு தடவை “முடியல” என்றார். முடியும் என்று சொல்லவில்லை நான். “இன்னும் எவ்வளவு தூரம் சார்?” என்று மட்டும் கேட்டேன். “ஆறடி” என்றார். “ரெண்டு அடி இழுங்க, அப்புறம் பேசலாம்” என்றேன். இழுத்தார்.

மஞ்சுளா என் காதருகே குனிந்தாள். “ஆம்புலன்ஸ் பக்கத்து டவுன்ல இருந்து வரணுமாம். இவங்க ஊரு ஆஸ்பத்திரி இன்னிக்கு மூடியிருக்காம். ஆனா பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஃபயர் சர்வீஸ்ல வாலண்டியராம். டிராக்டர் எடுத்துக்கினு கிளம்பிட்டாராம்.”

அதை அப்படியே வால்டரிடம் சொன்னேன். அதன் பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவரைப் பேச வைத்துக்கொண்டே இருந்தேன். ஏரியில் என்ன மீன் கிடைக்கும், எவ்வளவு பெரியது, ரூத் அதை எப்படிச் செய்வார். பல் கிட்டுகிற குளிரில் மாவில் புரட்டி வறுக்கிறதைச் சொன்னார். காற்று போனுக்குள் ஊளையிட்டது. பிறகு ஒரு எஞ்சின் சத்தம். யாரோ கத்திக்கொண்டே வருகிறார்கள். போன் தரையில் விழுந்தது. கொஞ்ச நேரம் பூட்ஸ் சத்தம், பிறகு லைன் போய்விட்டது.

போர்டு இன்னும் சிவப்பாகவே இருந்தது. மஞ்சுளா என் தோளில் கை வைத்து, “அங்கிள், தண்ணி குடிச்சிட்டு வாங்க” என்றாள். வேண்டாம் என்று அடுத்த போனை எடுத்தேன். வீரம் ஒன்றும் இல்லை. அந்த அடுத்த வீட்டிலும் யாராவது எதையாவது சொல்லாமல் விட்டிருக்கலாம் என்கிற பயம்தான்.

மறுநாள் ஸ்க்ரீனில் அவர் விலாசத்தைத் தேடினேன். மெக்கானிக் வருகை ரத்து என்று மட்டும் இருந்தது. ஏன் ரத்து என்று இல்லை. வீட்டில் ஆள் இல்லை என்றால் ஆஸ்பத்திரியாகவும் இருக்கலாம், கல்லறையாகவும் இருக்கலாம். அடுத்த நாளும் பார்த்தேன். அதே ஒரு வரி.

அந்த வாரமே அந்தப் பேச்சின் ரெக்கார்டை மேலிடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டு, எனக்கு மார்க் பூஜ்யம் போட்டார்கள். கஸ்டமரிடம் பொய் சொன்னது, அதுவும் ரெக்கார்டில். மேலதிகாரியைப் பற்றி அவதூறு. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும், மூன்று நாள் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளோடு பயிற்சி வகுப்பும். மஞ்சுளாதான் கடிதத்தைக் கொண்டுவந்தாள்.

“நான் எழுதல அங்கிள். மேல இருந்து வந்துக்குது. கையெழுத்துப் போடுங்க.”

“உன்னைத்தானே மோசம்னு சொன்னேன். நீயே எழுதியிருக்கலாம்.”

“எழுதியிருந்தா முறுக்கு தின்னதையும் சேர்த்து எழுதியிருப்பேன்” என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள், ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

கையெழுத்துப் போட்டேன். பேப்பரில் இருந்தது உண்மைதானே. பொய் சொன்னேன். ரூல் இருக்கட்டும், அது வேண்டும். நான் சொன்ன மாதிரி ஒவ்வொருத்தரும் பொய் சொல்ல ஆரம்பித்தால் நாளைக்கு நம் பேச்சை எந்த வால்டரும் நம்ப மாட்டார். ஆனால் அந்த நாற்காலியில், அந்த நிமிஷத்தில் மறுபடி உட்கார வைத்தாலும் அதையேதான் செய்வேன், மறுபடி கையெழுத்தும் போடுவேன். எனக்கு உறுத்தியது பொய் இல்லை. அந்த டிக். ஷாஃப்ட் என்று கேட்டு, என்ன ஷாஃப்ட் என்று கேட்காமல் போட்ட டிக். அதைக் கடிதத்தில் யாரும் எழுதவே இல்லை. ரூத் அம்மா போயிருந்தால் அதனால்தான் போயிருப்பார்.

ஒன்பது நாள் கழித்து மஞ்சுளா தன் இடத்திலிருந்து கையாட்டினாள். யாரோ கஸ்டமர் டீம் லீடரிடம்தான் பேசுவேன் என்று பிடிவாதம் பிடித்து வந்திருக்கிறார். “அவர்கிட்டயே குடுக்கறேன்” என்று போனில் சொல்லி, ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, தான் இன்னொன்றை எடுத்துக்கொண்டாள்.

“ஸாரி, உங்களைக் காக்க வச்சிட்டேன். என் பேரு ரூத்” என்றது ஒரு மெல்லிய குரல்.

மஞ்சுளா என் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

“உங்க ஃபாரத்துக்கு என் வாயால ஒரு வார்த்தை வேணும்னு கேட்டீங்களாம். அப்ப நான் தூங்கிட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில இருந்து வந்து மூணு நாள்தான் ஆகுது. எஸ். என் பதில் எஸ். இதை உங்க மேடம்கிட்டச் சொல்லிடுங்க. லேட் ஆனதுக்கு உங்களை ஒண்ணும் பண்ணக் கூடாது.”

மஞ்சுளா ஸ்விட்சைத் தட்டி, “நான்தான் அந்த மேடம், அவரை ஒண்ணும் பண்ணல” என்றாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “அம்மா, ஒரு விஷயம். உங்க வார்த்தை எதுக்கும் தேவைப்படல. நான் பொய் சொன்னேன். அவர் எழுந்திருக்கணும்னு சொன்னேன்” என்றேன்.

ரூத் அந்தப் பக்கம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

“எனக்குத் தெரியும். கண்ணு முழிச்சதும் யோசிச்சேன், எந்த ஃபாரத்துக்கு இப்படி ஒரு எஸ் வேணும்னு. ஆனா வால்டருக்குத் தெரியாது. ஹீட்டரைக் கொண்டுவந்து வச்சது அவர். அதை நினைச்சு ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். மூணாவது நாள் நர்ஸ்கிட்ட ஆரம்பிச்சார், இந்தியாவுல ஒரு ஆளுக்கு வேலை போக இருந்துச்சு, நான் எழுந்து போய்க் காப்பாத்தினேன்னு. இப்ப டிராக்டர்காரர்கிட்ட, சர்ச்சுல, தபால்காரர்கிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கார். சாப்பிடறார், தூங்கறார். தயவுசெஞ்சு அவர்கிட்டச் சொல்லிடாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை.

ஆகவே பிள்ளைகளே, புரியாத சொல் காதில் விழுந்தால், தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளாமல் கேட்டுவிடுங்கள். போர்டு எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் அரை நிமிஷம் கேட்டுவிடுங்கள். மனிடோபா பக்கத்திலிருந்து வால்டர் என்று ஒருவர் போன் போட்டு, உங்கள் ஆபீஸில் வேலை போகாமல் தான் காப்பாற்றிய ஒரு ஆள் இருந்தாரே, நன்றாக இருக்கிறாரா என்று கேட்டால், ஆமாம் சார், உங்கள் புண்ணியத்தில் பென்ஷனோடு நன்றாக இருக்கிறார் என்று சொல்லுங்கள்.